பின் சக்கரம்

சோதனை ஓட்டம் போய்த் திரும்பிய வண்டியின் பின் சக்கரத்தில், காலையில் தான் இழுத்த மஞ்சள் கோடு இரண்டு துண்டாகப் பிரிந்து நிற்பதைச் சுகப்பிரியா பார்த்தாள். டயரில் இருந்த பாதி ஓரிடத்தில், ரிம்மில் இருந்த பாதி இன்னோரிடத்தில். நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு இடைவெளி.

ஒரகடத்தில் மின்சார பைக் செய்கிற கம்பெனியில் அவளுக்குச் சக்கரப் பகுதியில் வேலை. ரிம்மின் விளிம்பில் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் தடவுவாள். டியூபை வைத்து, மெஷின் டயரை ரிம்மில் ஏற்றியதும் காற்றடிப்பாள். கடைசியாக டயரிலிருந்து ரிம்முக்கு ஒரு குறுக்குக்கோடு. அந்தக் கோடு உடையாமல் இருக்கிறவரை டயரும் ரிம்மும் சேர்ந்து சுற்றுகின்றன என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து உடைந்த கோட்டை அவள் பார்த்ததில்லை.

சூப்பர்வைசர் எழிலரசனைக் கூப்பிட்டாள். செங்கல்பட்டுப் பக்கத்துக்காரன், அவளைவிட இரண்டொரு வயது கூட இருக்கும். வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோட்டின்மேல் விரலை வைத்தான்.

"இதுவுமா?" என்றான்.

"இதுவும்னா? முன்னயே வந்திருக்கா சார்?"

"வருதும்மா. டிசைன்காரங்களுக்குத் தெரியும். பெட்ரோல் வண்டில பலம் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். இதுல கைய முறுக்குன ஒடனே மொத்தமும் பின் சக்கரத்துல வந்து உக்காருது. ரிம்மு சுத்திடுது, டயரு அதே வேகத்துக்கு வரமாட்டேங்குது. பிரேக் புடிச்சா மோட்டாரே எதிர்ப்பக்கம் இழுக்குது. இப்படியும் அப்படியும் நழுவிகிட்டே இருக்கு."

"நழுவுனா என்ன ஆவும்?"

"டயரு நழுவும்போது டியூபையும் சேத்து இழுத்துகினு போவும். வால்வு மட்டும் ரிம்மு ஓட்டைல மாட்டிகிட்டு நிக்குது இல்ல? மொதல்ல சாயும். அப்புறம் ஒருநாள் அடியோட பிச்சிக்கும். பிச்சிக்கிச்சின்னா இருக்கிற காத்தெல்லாம் ஒரே மூச்சுல போயிடும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். "காத்து சரியா இருந்தா டயரு ரிம்ம நல்லா கவ்விக்கும். கொறைஞ்சாதான் வம்பு. உள்ள டயர இறுக்கிப் புடிக்க ஒரு பூட்டு வச்சி புது ரிம்மு வருது. வித்த வண்டியெல்லாம் கூப்பிட்டு மாட்டிக் குடுப்பாங்க. அதுவரைக்கும் வெளிய பேச வேணாம்னு சொல்லிக்கிறாங்க."

சுகப்பிரியா பிரஷ்ஷைப் பார்த்தாள். அதன் நுனியில் சோப்பு நுரை இன்னும் உடையாமல் இருந்தது.

"இந்தச் சோப்புத் தண்ணி காரணமா சார்?"

"அதுவும் ஒண்ணு. முன்னல்லாம் ராத்திரி பூரா காயவுட்டு காலைல அனுப்புவோம். இப்ப எங்க? புரட்டாசி ஈரம் வேற. உன் கைல தப்பில்ல, நீ பாட்டுக்கு வேலையப் பாரு."

"எங்க வீட்டுலயும் ஒரு வண்டி நிக்கு சார்."

"தெரியும்" என்றான் எழிலரசன். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். "எங்க தம்பிகிட்டயும் ஒண்ணு நிக்குது."

அன்று ஷிஃப்ட் முடிகிறவரை அவள் தடவிய சோப்புத் தண்ணீர் ஒவ்வொன்றும் கண்ணில் உறுத்தியது. குறைத்துத் தடவினால் டயர் ஏற மறுத்து மெஷின் நின்றது. பக்கத்து லைனில் கத்தினார்கள். பழையபடி தடவினாள்.

வல்லக்கோட்டையில் பாண்டுரங்கன் வீட்டு மாடியில் அவர்கள் குடியிருந்தார்கள். ஓர் அறை, சமைக்க ஒரு தடுப்பு, துணி காயப்போட மொட்டைமாடி. புருஷன் இசக்கிபாண்டிக்கு நாங்குநேரிப் பக்கம். இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட்டுக்கு நுரை வார்க்கிற கம்பெனியில் வேலை பார்த்தான். மகள் கவியாவுக்கு ஐந்து வயது. இரண்டு பேருக்கும் காலை ஷிஃப்ட் விழுகிற வாரங்களில் கீழ்வீட்டுச் செங்கமலம்தான் கவியாவைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுவாள். செங்கமலத்தின் புருஷன் பாண்டுரங்கன் நிலமெல்லாம் கம்பெனிக்குப் போனபிறகு ஒரு கிடங்கில் வாட்ச்மேனாக இருந்தார். குடிவந்த புதிதில் சுகப்பிரியா ஊர் வழக்கப்படி அவரை அண்ணாச்சி என்று கூப்பிட, "நான் இன்னா மளிகைக் கடையா வச்சிகினு கீறேன்?" என்று கேட்டு அரைநாள் சிரித்தார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

வண்டி வந்தது அந்த வருஷம் சித்திரையில். இசக்கிபாண்டி கம்பெனியில் காண்டிராக்டர் மாறியதும் ஷிஃப்ட் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டு போவான். கொஞ்சம் பிந்தினாலும் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்துவிடுவார்கள். அவனைவிடச் சின்னப் பையன்கள் உள்ளே போகிறபோது திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார்கள். இதை அவன் சுகப்பிரியாவிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னான், மாடியில் இருட்டில் நின்றுகொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல். அதற்குப் பிறகுதான் அவள் தன் பேரில், தொழிலாளர் ஒதுக்கீட்டில் அந்த வண்டியை எடுத்தாள். கம்பிச் சக்கரமும் பட்டை டயருமாக, காட்டு ரோட்டில் போவதற்கென்று செய்த வண்டி. சத்தமே இல்லாமல் பாய்ந்தது. அவனை யாரும் அதன்பிறகு கேட்டில் நிற்கவைக்கவில்லை. டீக்கடையில் யாராவது வண்டியைத் தொட்டுப் பார்த்தால், "எம் பொண்டாட்டி கையால மாட்டுன வீலுவே" என்பான்.

அன்று சாயங்காலம் அவன் வருவதற்குக் காத்திருந்து, வந்ததும் கீழே இறங்கிப்போய்ப் பின் சக்கரத்தின் அருகில் உட்கார்ந்தாள். வால்வு நேராக நிற்கவில்லை. காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி லேசாக ஒருபக்கம் ஒதுங்கியிருந்தது. கம்பெனி இழுத்த மஞ்சள் கோடு எப்போதோ கழுவப்பட்டுப் போயிருந்தது. கவியாவின் சிவப்பு நகப்பூச்சை எடுத்துவந்து டயருக்கும் ரிம்முக்கும் சேர்த்து ஒரு கோடு இழுத்தாள்.

உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும் வைத்திருந்தாள். அவனுக்குப் பிடித்தது. தட்டில் போட்டுக்கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"ஏங்க, கொஞ்ச நாளைக்கு அந்த வண்டிய எடுக்காண்டாம்."

"எதுக்கு?"

அவள் சொன்னாள். கோடு உடைந்தது, வால்வு சாய்வது, புது ரிம் வரப்போவது எல்லாவற்றையும். அவன் துவையலைச் சோற்றோடு பிசைந்துகொண்டே கேட்டான்.

"வண்டி ஓடுதுல்லா? நல்லாத்தான ஓடுது?"

"ஓடத்தான் செய்யும். பிய்யுற வரைக்கும் ஓடும்."

"ஒங்க கம்பெனி வண்டிய நீயே கொற சொல்லுத. அப்ப எதுக்கு வாங்குன?"

"அப்ப தெரியாதுல்லா. இப்ப தெரிஞ்சிட்டு. ஷேர் ஆட்டோல போங்க, பூட்டு மாட்டித் தருத வரைக்கும்."

"ஷேர் ஆட்டோல." அவன் கை நின்றது. "திரும்பப் போயி கேட்டுல நிக்கச் சொல்லுத."

"நான் அப்பிடியா சொல்லுதேன்?"

"வேற எப்பிடி?"

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான். கத்தியிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை. அவன் கத்துகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவான். பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பான். பிறகு நாள்கணக்காக அவள் அந்த வீட்டில் இல்லாத மாதிரி நடந்துகொள்வான். ஒற்றை அறையில் அது பெரிய கொடுமை. திரும்பினால் அவன் முதுகு, நகர்ந்தால் அவன் கால். கவியாதான் நடுவில் போய்வருவாள்.

"யம்மா, நீலச் சட்ட எங்கனன்னு அப்பா கேக்காவ."

"கொடியில கெடக்குன்னு சொல்லு."

"யப்பா, கொடியில கெடக்காம்."

மூன்று பேரும் கையெட்டும் தூரத்தில் இருந்தார்கள்.

அந்த நாட்களில் தினமும் அவள் நகப்பூச்சுக் கோட்டைப் பார்த்தாள். தண்ணீர் எடுக்கிற சாக்கில் கீழே போவாள், மாவரைக்கிற சாக்கில் போவாள். முதலில் மயிரிழை விலகியது. பிறகு அரிசி மணி அளவு. ஒருநாள் செங்கமலம் பார்த்துவிட்டாள்.

"இன்னா சுகா, டெய்லி வண்டி சக்கரத்தயே பாத்துகினு கீற? எதனா தொலைச்சிட்டியா?"

"இல்லக்கா. காத்து இருக்கான்னு பாத்தேன்."

"அதுக்குத்தான் ஆம்பள கீறான் இல்ல? நீ போயி படு, மூஞ்சப் பாரு, வெளிறிப் போயி கீது."

சனிக்கிழமை சாயங்காலம் அவன் கோபம் இறங்கியது. கவியாவைக் காலிடுக்கில் உட்காரவைத்துத் தலைவாரிக்கொண்டே, "நாளைக்கு எனக்கு லீவு" என்றான். சுகப்பிரியாவைப் பார்த்துத்தான் சொன்னான்.

"எனக்கு ஓவர்டைம் இருக்கு. வராம இருக்க முடியாதுன்னுட்டாவ."

"நீ போ. நானும் கவியாவும் வாலாஜாபாத் போயி ஷூ வாங்கிட்டு வாரோம். பள்ளிக்கூடத்துல வெளையாட்டு விழாவாம்லா? வெள்ள ஷூ வேணுமாம்."

"பஸ்ல கூட்டிட்டுப் போங்க என்ன."

"பாப்போம்."

"பாப்போம்னா?"

"பாப்போம்னா பாப்போம்" என்று சிரித்தான். கவியாவும் "பாப்போம் பாப்போம்" என்று குதித்தாள்.

அப்போதே அழுத்திச் சொல்லியிருக்கலாம். அவன் ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு, பின்னலை எப்படி மடிப்பது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தான். இந்த முகம் இன்னொரு வாரத்துக்குச் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும் என்று நினைத்தபோது அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

விடியலில் கம்பெனி பஸ்ஸுக்குப் போகும்போது கீழே வண்டிக்கருகில் நின்றாள். கோயில் பக்கமிருந்து பாட்டு கேட்டது. ராத்திரி தூறியதில் மண் ஈரமாக இருந்தது. கோடு இப்போது விரல் நுனி நுழைகிற அளவுக்கு விலகியிருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, வால்வு மூடியைக் கழற்றி, தலையிலிருந்த ஊசியை எடுத்து உள்ளே அழுத்தினாள். புஸ்ஸென்று காற்று அவள் கைமேல் குளிர்ந்து இறங்கியது. டயர் தரையில் சப்பிப்போகிறவரை அழுத்திக்கொண்டிருந்தாள். பங்சர் என்று நினைப்பான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தக் கடையும் திறக்காது. பஸ்ஸில்தான் போவான்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு கொஞ்சம் தூங்கினாள்.

கம்பெனிக்குள் போன் எடுத்துப்போக முடியாது, லாக்கரில் வைக்கவேண்டும். டீ இடைவேளையில் எடுத்து அவனுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பஸ் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தாள். பிறகு மனசு கேட்காமல் செங்கமலத்துக்கு அடித்தாள்.

"அக்கா, அவிய கெளம்பிட்டாவளா?"

"அப்பவே கெளம்பிட்டான். புள்ள என்னா குஷி தெரியுமா? டாடா காட்டிகினே போச்சு."

"பஸ்லதான?"

"பஸ்ஸு இன்னாத்துக்கு? வண்டிலதான். அத ஏன் கேக்கற, காலைல பாத்தா வண்டில சுத்தமா காத்து இல்ல. மூஞ்ச தொங்கப் போட்டுகினு நின்னான். உங்க அண்ணாச்சி இருந்துகினு, பழைய கால் பம்பு ஒண்ணு கீதுன்னு பரண்லேர்ந்து எடுத்து இவுருதான் அடிச்சிக் குடுத்தாரு. மூச்சு வாங்கிப்போச்சு மனுஷனுக்கு. காத்து நிக்குது, பங்சர் இல்லன்னாரு. பாதிதான் ஏறுச்சு, வாஷரு போயிடுச்சாம். ஒரகடம் பெட்ரோல் பங்குல நெரப்பிக்கிறேன்னு சொல்லிட்டுப் போனான். இன்னா சுகா? லைன்ல கீறியா?"

"இருக்கேன்க்கா."

கையிலிருந்த டீ மேலெல்லாம் சிந்தியிருந்தது. சுடவில்லை, அல்லது சுட்டது அவளுக்குத் தெரியவில்லை. காற்று குறைஞ்சாதான் வம்பு. அவனுடைய வண்டியில் போதுமான காற்று இருந்தது. அதை அவள்தான் எடுத்தாள்.

எழிலரசன் கேண்டீன் வாசலில் நின்றிருந்தான். அவனிடம் ஓடிப்போய், காற்றை இறக்கியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னாள். "பாதிக் காத்துல போயிட்டாவ சார். புள்ளையும் போயிருக்கு."

அவன் கேட் பாஸில் கையெழுத்துப் போட்டான், தனக்கும் ஒன்று. "என் வண்டி வெளிய நிக்குது. பழைய பெட்ரோல் வண்டிதான். வா."

ஒரகடம் கூட்டுரோட்டில் பங்குக்குள் நுழைந்தார்கள். காற்றடிக்கிற மூலையில் ஒரு பெரியவர் டயர் மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"காலைல ஒருத்தர் வந்தாரா? பட்டை டயரு, கரண்டு வண்டி. முன்னாடி ஒரு சின்னப் பொண்ணு" என்றான் எழிலரசன்.

"வந்தாரு வந்தாரு. மெஷினு ரிப்பேரு, நாளைக்குத்தான்னேன். வாலாஜாபாத்ல அடிச்சிக்கறேன்னு போயிட்டாரு. பாப்பா கூட எனக்குச் சலாம் வச்சிச்சே."

சுகப்பிரியா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வாலாஜாபாத் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. வானம் மூடிக்கிடந்தது. ஒவ்வொரு லாரியும் கடக்கும்போது காற்று வண்டியை ஓரமாகத் தள்ளியது. அவள் ரோட்டோரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். வேலிக்காத்தான் புதர், கவிழ்ந்துகிடந்த ஒரு தகரப் பலகை, கறுப்பாக ஏதோ ஒன்று. அது நாய்.

"மெதுவாத்தான் போவாரு, புள்ள இருக்கு இல்ல?" என்றான் எழிலரசன்.

"தெரியல சார்."

"போன் அடிச்சிப் பாரு."

"அடிச்சிக்கிட்டேதான் வாரேன்."

எழிச்சூர் தாண்டி ஒரு டீக்கடைக்கு எதிரில் அந்த வண்டியைப் பார்த்தாள். யாரோ நிமிர்த்தி மைல்கல்லில் சாய்த்துவைத்திருந்தார்கள். ஹேண்டில் கோணியிருந்தது. வண்டியின் பக்கத்தில் யாரும் இல்லை. எழிலரசன் நிறுத்துவதற்குள் குதித்து ஓடினாள்.

"கவியா! யம்மா கவியா!"

டீக்கடையிலிருந்து ஒரு பெண் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நீ யாரும்மா, அந்தப் புள்ளைக்கு அம்மாவா? அழாத, அழாத. உசுருக்கு ஒண்ணுமில்ல. ஆட்டோல வாலாஜாபாத் ஏத்தி அனுப்பிட்டோம்."

"புள்ளைக்கு? புள்ளைக்கு எங்க அடி?"

"மோவாயில கொஞ்சம் கிழிஞ்சிபோச்சு. ரத்தம் வந்துது, துணி வச்சி கட்டனேன். அந்தாளுக்குத்தான் கை. லாரிய தாண்டறதுக்கு முறுக்கினான் போல, பின்னாடி சக்கரம் பாம்பு மாதிரி ஆடிச்சு. பாத்துகினே இருந்தேன். அவன் ஹேண்டில வுட்டுட்டு புள்ளைய ரெண்டு கையால அணைச்சிகிட்டான். அப்படியே மண்ணுல போயி வுழுந்தான். லாரி பக்கமா வுழுந்திருந்தா இன்னா ஆயிருக்கும்?" அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எழிலரசன் பின் சக்கரத்தருகில் உட்கார்ந்திருந்தான். டயர் ரிம்மை விட்டு ஒருபக்கம் வெளியே வந்திருந்தது. வால்வு இருந்த ஓட்டையில் ஒன்றும் இல்லை. சிவப்புக் கோட்டின் இரண்டு துண்டுகளும் சக்கரத்தின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தன. அவன் அதைப் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினான். பிறகு தம்பிக்கு அடித்தான்.

"எங்கடா இருக்க? வண்டிய ஓரம் கட்டு. அங்கயே வுட்டுட்டு நடந்து போ. கேள்வி கேக்காத, நான் சொல்றதச் செய்."

வாலாஜாபாத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. இசக்கிபாண்டி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வலதுகை முழங்கைவரை மாவுக்கட்டு. சட்டையின் ஒருபக்கம் மண் ஏறிக் காய்ந்திருந்தது. கவியா மோவாயில் பிளாஸ்திரியோடு பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் பன்னைக் கீழே போட்டுவிட்டு அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். சுகப்பிரியா அவளைத் தூக்கி, தலை, முதுகு, கால் என்று ஒவ்வோரிடமாகத் தடவிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல, நல்லாருக்கா" என்றான் அவன். "எனக்குத்தான் மணிக்கட்டு ரெண்டு எடத்துல போயிட்டாம்." எழிலரசனைப் பார்த்தான். "நீங்களும் வந்துட்டியளா சார். இவ சொன்னா, வண்டியில கோளாறு இருக்குன்னு. கம்பெனியில எல்லாருக்கும் தெரியுமோ?"

"தெரியும்" என்றான் எழிலரசன். "இன்னிக்கே எல்லா வண்டியையும் நிறுத்தணும்னு எழுதி அனுப்பிட்டேன். முன்னாடியே செஞ்சிருக்கணும்." டாக்டரைப் பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

சுகப்பிரியாவின் போன் அடித்தது. பாண்டுரங்கன்.

"யம்மா, செங்கமலம் சொன்னா, நீ ஒரு மாரியா பேசினன்னு. இன்னாம்மா ஆச்சு? புள்ள எப்டி கீது?"

"கீழ வுழுந்துட்டாவ அண்ணாச்சி. புள்ள நல்லாருக்கு. அவியளுக்குக் கை முறிஞ்சிட்டு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நான்தாம்மா அடிச்சேன். அரை காத்து. போதும்பா, பங்கு வரைக்கும் தாங்கும் போன்னு நான்தான் சொன்னேன். அந்தப் பாழாப்போன பம்ப நான் எடுக்காம இருந்திருந்தா அவன் பஸ்ஸு ஏறியிருப்பான். பஸ்ஸுலதான் போவணும் போலன்னு சொல்லிகினுதான் நின்னான். நான் பெரிய இவன் மாதிரி..." குரல் உடைந்துவிட்டது.

பெஞ்சில் இசக்கிபாண்டி பக்கத்திலேயே இருந்தான். தள்ளிப்போய்ப் பேசியிருக்கலாம். கவியா கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கிழவர் மூச்சு வாங்க அழுதுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நீங்க அழாதிய. ஒங்க மேல தப்பில்ல" என்றாள் சுகப்பிரியா. "காத்த எறக்குனது நான். காலைல நான்தான் எறக்கிவிட்டுட்டுப் போனேன்."

"நீயா? நீ எதுக்கும்மா?"

"வண்டிய எடுக்கக்கூடாதுன்னுதான் அண்ணாச்சி. வீட்டுக்கு வந்து சொல்லுதேன்."

போனை மடியில் வைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. இசக்கிபாண்டியின் செருப்புக் கால்கள் அசையாமல் இருப்பது மட்டும் தெரிந்தது. அவன் பேசவில்லை. மருந்துச்சீட்டு வந்தபோதும் பேசவில்லை, எழிலரசன் விழுந்த வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றப்போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியபோதும் பேசவில்லை. அவளுக்கு இது எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. இந்தமுறை ஒருவேளை தீரவே தீராது.

ஒரகடம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினார்கள். உட்கார இடம் இருந்தது. கவியா அவள் மடியில் ஏறியதுமே தூங்கிப்போனாள். மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஷட்டரை இறக்க அவன் இடதுகையை நீட்டினான், முடியவில்லை. அவள் எழுந்து இறக்கினாள். உள்ளே இருட்டாகிவிட்டது.

"சாவிய எடுத்து ஒளிச்சி வச்சிருக்கலாம்லா?" என்றான் அவன்.

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான்.

"சாவிய ஒளிச்சா நான்தான்னு தெரிஞ்சிரும்" என்றாள்.

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா நீங்க பேச மாட்டிய."

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கட்டுப்போட்ட கையை அவன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். வலியில் கண்ணை மூடினான். திறந்தபிறகும் ரொம்ப நேரம் முன்சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் பேசாம இருக்கது ஒனக்கு அவ்வளவு பயமா?"

"ஆமா."

"புள்ள வுழுந்து சாவுததவிடவா?"

அவள் உதடு கோணிக்கொண்டது. கவியா விழித்துவிடக் கூடாதே என்று சத்தமில்லாமல் அழுதாள். அவன் இடதுகையால் அவள் தோளைத் தொட்டான், எடுத்துக்கொண்டான், மறுபடி வைத்தான்.

"வுழும்போது ஒன்னையத்தான் நெனச்சேன், சொன்னாளேன்னு" என்றான். "நேத்துகூட வால்வு சாஞ்சி நின்னத நானும் பாத்தேன். பாத்துட்டுத்தான் எடுத்தேன். கேட்டுக்கிட்டா ஒனக்குத் தோத்த மாதிரி ஆயிரும்னு இருந்திச்சி." பிறகு சொன்னான்: "இனிமே சொல்லு. நான் மூஞ்சத் திருப்புனாலும் சொல்லு. திருப்பிப் புடிச்சிச் சொல்லு."

ஷட்டரின் ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் அவள் மடியில் சொட்டியது. முந்தானையால் கவியாவின் காலை மூடினாள். நிறைய இருந்தது சொல்வதற்கு, வருஷக்கணக்காக. எதிலிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தாள்.

"பூட்டு மாட்டிக் குடுத்தாலும் அந்த வண்டி நமக்கு வேண்டாம்" என்றாள். "வீட்டுக்கே வரக்கூடாது."

அவன் முகம் சட்டென்று இறுகியது. வாயைத் திறந்தான். கண் ஜன்னல் பக்கம் போகப் பார்த்தது. அங்கே மூடிய ஷட்டர் இருந்தது. அவள் பார்வையை எடுக்கவில்லை.

"ஒரகடம் கூட்ரோடு எறங்கறவங்கல்லாம் முன்னாடி வாங்க!" என்று கண்டக்டர் கத்தினார்.

"ஷேர் ஆட்டோல போனா நேரமாவும்" என்றான் இசக்கிபாண்டி.

"நேரமாவட்டும்."

"கேட்டுல நிக்கவைப்பான்."

"நில்லுங்க."

அவன் அவளையே பார்த்தான். பிறகு குனிந்து, நல்ல கையால் கவியாவை அவள் மடியிலிருந்து தூக்க முயன்றான். ஒற்றைக் கையில் நிற்கவில்லை. அவள் அடியில் கைகொடுத்துத் தூக்கி அவன் தோளில் சாய்த்தாள். இருவருமாகப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, ஆடுகிற பஸ்ஸில் படிக்கட்டை நோக்கி நகர்ந்தார்கள்.